ஆம்பூர் மேல் விழுந்த பழி

அன்புள்ள சாமு,

சாவியைத் தேடாதே. வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் கார் சாவி தொங்க வேண்டிய இடத்தில் இந்தக் கவர் தொங்குவதைப் பார்த்து, "இன்னாம்மா இது" என்று அடுப்படியை நோக்கி ஒரு சத்தம் போட்டிருப்பாய். நான் வெளியே வர மாட்டேன். உன் அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாவி பத்திரமான கையில் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் கிளம்புகிற ஏலகிரி மலை எங்கேயும் போய்விடாது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இதைக் கடைசி வரி வரைக்கும் படி. எதைக் கையில் எடுத்தாலும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசுகிற ஆள் நீ. இந்த ஒரு தடவை அது வேண்டாம்.

இதை உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் எழுதுகிறேன். வெளியே பந்தல்காரர்கள் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சமையல்காரர் வெங்காயம் பத்தாது என்று யாரிடமோ சண்டை போடுகிறார். என்னைத் தேடி இரண்டு பேர் வீட்டைச் சுற்றி வருகிறார்கள். நான் பீரோ இருக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷத்தில் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். ஒரு விஷயத்தை இத்தனை மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஷூ கம்பெனியில் தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே சூப்பர்வைசர் ஆனவளுக்கு ரகசியம் காப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பார். ஷீபாவின் அப்பா மனம் மாறியது போதகர் ஐயா போன் பண்ணிப் பேசியதால்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஐயா பேசினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காரியம் நடந்தது வேறு வழியில். நம் பழைய காரின் இன்ஜின் பக்கத்தில், கட்டை விரல் நீளத்துக்கு இருந்த ஒரு சாமானில் உன் கல்யாணம் சிக்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காரைப் பற்றி நீ ஒரு நாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. நீ பத்தாவது படிக்கும்போது, எங்கள் கம்பெனியில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்த இத்தாலிக்காரர் ஊருக்குத் திரும்பும் சமயத்தில் அதை விற்றார். கார்புரேட்டர் இல்லாத கார் என்றால் அப்போது ஆம்பூரில் ஆள் கூடி வேடிக்கை பார்ப்பார்கள். எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரே முடிவு பண்ணும் என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுத்தார். "கம்ப்யூட்டர் ஓட்டற வண்டி நமக்கு எதுக்கு" என்றார் உன் அப்பா. நான் வாங்கினேன், ஓட்டவும் கற்றுக்கொண்டேன். மாதனூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள், நான் கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது ஜன்னல் வழியாகக் கையசைப்பார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நான் அடிமை. அதனால்தான் வண்டிக்கு வயசாகி மைலேஜ் குறைந்தபோது பெட்ரோல் பங்க்காரரோடு மல்லுக்கு நின்றேனே தவிர வண்டியைச் சந்தேகப்படவில்லை. உள்ளே அழுகின முட்டை மாதிரி வாடை வந்தபோதும் சந்தேகப்படவில்லை. யார்தான் சந்தேகப்பட்டோம்? நம் ஊரில் முட்டை நாற்றம் வந்தால், "சுண்ணாம்புக் குழிய தெறந்துட்டான் போல" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். டேனரியில் தோல் ஊறுகிற குழியின் வாடை அதுதானே. பின் சீட்டில் வந்த எதிர்வீட்டு டீச்சர் அப்படித்தான் சொன்னார், நீயும் சொன்னாய், நானும் சொன்னேன். உன் அப்பாவைக் கேட்கவே வேண்டாம். பேரணாம்பட்டு டேனரியிலேயே பாதி ஆயுசைக் கழித்த மூக்கு அது, அடுப்பில் பால் தீய்ந்தாலும் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்.

இந்த மூக்குகளை வைத்துக்கொண்டுதான் உனக்குப் பெண் பார்க்கப் போனோம். குளச்சலில் அந்த வீட்டுக் கூடத்தில் ஷீபா டீ தட்டோடு வந்து நின்றதும், நீ டம்ளரை எடுத்து, குடித்து, காலி டம்ளரை மறுபடியும் வாயில் வைத்து உறிஞ்சினாய். நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பெண் வேலூர் பாகாயத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸாக வேலை பார்க்கிறாள், நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், இதைவிடப் பொருத்தமாக எது அமையும் என்று திரும்பி வரும்போது ரயிலில் நான் பேசிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்த பிறகு இந்தச் சம்பந்தத்தை எப்பாடு பட்டாவது முடித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

அப்புறம் ஷீபாவின் அப்பா நம் வீடு பார்க்க வந்தார். பெண்ணைக் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது வழக்கம், அவர் மனைவிக்கு முட்டி வலி என்பதால் தனியாகத்தான் வந்தார். நீ கம்பெனியில் இருந்தாய். நான் காட்பாடி ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வந்தேன், நம் காரில், ஜன்னலை ஏற்றிவிட்டு, பெருமையாக. வேலூரைத் தாண்டும்போதே அவர் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்தார். பள்ளிகொண்டாவில் அது மூக்குக்குப் போயிற்று. மாதனூரில் கண்ணை மூடிக்கொண்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நானோ, "இதாங்க எங்க ஊரு வாசனை, எங்களுக்கு சோறு போடற வாசனை, வந்து ரெண்டு நாள் இருந்தா பழகிடும்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். ஆம்பூருக்கு இன்னும் ஆறேழு மைல் இருக்கிறது, அந்த இடத்தில் ஒரு டேனரியும் இல்லை, இரண்டு பக்கமும் வயல். ஊரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற வேகத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை. இந்த மாதிரி தப்பை நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது சாமு.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் போன் பண்ணினார். குரலில் கோபமோ இளக்காரமோ இல்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "உங்க வீட்டுல ஒரு கொறவும் இல்ல, பையனும் தங்கமான பையன். எங்க பிள்ளைக்கு சின்னதுலயே இழுப்பு உண்டும். ராத்திரி ராத்திரியா நெஞ்சுல தூக்கி வச்சிக்கிட்டு நடந்திருக்கேன். அந்தக் காத்துல அவ எப்பிடி மூச்சு விடுவா? மன்னிச்சுக்கிடுங்க" என்றார். துபாய் மாப்பிள்ளை ஒன்று வந்திருப்பதாகவும், லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டால் கல்யாணப் பேச்சு ஈஸ்டர் வரைக்கும் நின்றுபோகும், அதற்குள் அந்த இடத்தை முடித்துவிடப் போவதாகவும் சொன்னார். நான் உன்னிடம் சொன்னேன். "விடும்மா" என்றாய். ஒரே வார்த்தை. அன்றிலிருந்து ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டு கம்பெனியிலேயே கிடந்தாய், வீட்டில் இருந்தால் தட்டில் போட்டதைத் தின்றாய், போடாவிட்டால் கேட்கவில்லை. உன் அப்பா என்னிடம், "இன்னா பண்றது, ஊர மாத்த முடியுமா" என்றார். ஊரை மாற்ற முடியாது என்று நானும்தான் நினைத்தேன்.

ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் பாகாயத்துக்கு வண்டியை விட்டேன். ஹாஸ்டல் வாசலில் நிறுத்தி ஆள் அனுப்பினேன். ஷீபா டியூட்டி முடிந்த கையோடு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜினை அணைக்காமலேயே நான் பேச ஆரம்பித்துவிட்டேன். என் பிள்ளை நல்லவன், உன்னைக் கண் கலங்க விட மாட்டான், வேண்டுமானால் வேலூரிலேயே வீடு பார்க்கிறோம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு சொன்னா வெஷமப்படக் கூடாது. அப்பாவ இந்தக் கார்லதானே கூட்டிட்டுப் போனீங்க?"

"ஆமாம்மா. ஏன்?"

"நான் மெடிக்கல் கேம்ப்புக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு எல்லாம் வந்திருக்கேன். அங்க அடிக்கது தோல் வாசனை. எனக்கு இழுப்பும் வரல, ஒண்ணும் வரல. இது ஆம்பூர்ல அடிக்க வாசனை இல்ல ஆன்ட்டி. உங்க கார்ல அடிக்க வாசனை."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. என் வண்டியைச் சொல்ல இவள் யார் என்று ஒரு நொடி நினைத்தேன், இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வண்டியை விட்டு இறங்கி, என் பக்கத்துக் கதவைத் திறந்து, வார்டில் நோயாளியைக் கூட்டிப் போவது மாதிரி என் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "நல்லா மூச்ச இழுத்து விடுங்க" என்றாள். விட்டேன். பாகாயத்தில் டேனரி ஏது, காற்று சுத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வைத்து, அப்படியே நடத்திக்கொண்டு வந்து சைலன்சருக்குப் பக்கத்தில் குனிய வைத்தாள். குப்பென்று அடித்தது. டிக்கி ரப்பர் வெடித்துப்போயிருந்ததையும் அவள்தான் விரலை விட்டுக் காட்டினாள், அந்த வழியாகப் புகை உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. நடு ரோட்டில் நின்று நான் சிரிக்க ஆரம்பித்தேன் சாமு. சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. ஊரை மாற்ற முடியாது, வண்டியை ரிப்பேர் பண்ண முடியுமே. ஷீபா என் கையைப் பிடித்து உன்னைப் பற்றி ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். "சரியானதுக்கப்புறம் அவங்ககிட்ட சொல்லலாம் ஆன்ட்டி. சரியாகலன்னா அவங்க ரெண்டாவது தடவ சங்கடப்படுவாங்க." அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, உன் டம்ளர் அவள் மனசிலும் எங்கேயோ இருக்கிறது என்று.

நேராக ஷபீர் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மனுஷர் பானெட்டைத் திறந்து, மூக்கை உறிஞ்சி, "இது டேனரி வாடைக்கா, காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்றார். அவரும் ஆம்பூர்க்காரர்தானே. மரத்தடியும் சைலன்சரும் வைத்தியத்தை அவருக்கும் செய்தேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். பிளக்கைக் கழற்றிக் காட்டினார், அடுப்புக்கரி மாதிரி இருந்தது. புகை வெளியே போகிற குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை, அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். வண்டிக்கு அதுதான் மூக்கு. மீட்டர் ஒயரை அதில் வைத்து ஷபீர் பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "நம்பர் மேலயும் கீழயும் குதிச்சினே இருக்கணும்கா. இது பாரு, தூங்குது. பெட்ரோல் கம்மி கம்மின்னு சொல்லினே கீது. கம்ப்யூட்டரும் அத நம்பி ஜாஸ்தியா ஊத்தினே கீது." அந்த அதிகப் பெட்ரோல்தான் புகையைச் சுத்தம் பண்ணுகிற டப்பாவுக்குள் போய் முட்டை நாற்றமாக வெளியே வந்திருக்கிறது. மீட்டர் போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லையே என்று கேட்டேன். செத்துப்போனால்தான் விளக்கு எரியுமாம். இது சாகவில்லை, வயசாகி மெதுவாகக் கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அதனால் கம்ப்யூட்டருக்கும் தெரியவில்லை.

அது வரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய பேஜார். பழசைக் கழற்ற முயன்றோம், துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. சரி, முதலில் மாற்றுச் சாமானைப் பார்ப்போம் என்று மெட்ராஸுக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி, புதுப்பேட்டையிலிருந்து வேறு காரில் கழற்றிய ஒரு சென்சார் வந்தது. ஷபீர் பாய் அதன் நுனியை அடுப்புத் தீயில் காட்டி மீட்டரை வைத்துப் பார்த்தார், அதுவும் தூங்கியது. பிறகு நானே லீவு போட்டுவிட்டு ரயிலேறி, மெட்ராஸில் கார் சாமான் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒருவர் பெட்டி பிரிக்காத புதுசு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நம் வண்டிக்கென்று செய்ததில்லை, ஆனால் மரை பொருந்தும், ஒயரை மட்டும் வெட்டி இணைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பும்போது, தாலியை வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி பையை மடியை விட்டு இறக்கவில்லை. லெந்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷபீர் பாயிடம் வேலை குவிந்து கிடந்தது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். என்னால் அடுத்த வாரம் வரை உட்கார முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாய். முந்தின நாளே பழைய சென்சாரின் மரையில் துருவை இளக்குகிற எண்ணெயை ஊற்றி ஊற வைத்திருந்தேன். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, சூடு இருக்கும்போதே கழற்றினால் வரும் என்று ஷபீர் பாய் சொல்லியிருந்தார். கம்பெனியில் மிஷின்களுக்கு ஒயர் பார்க்கிற பிள்ளை வீட்டில் இருக்கும்போது நான் வேறு யாரைக் கூப்பிடுவேன்? "சாமு, இந்த ஸ்பேனரப் புடிடா" என்றேன். நீ எழுந்து நின்று கத்தினாய்.

"என் வாழ்க்கையே போச்சுன்னு நான் உக்காந்துனு கீறேன். உனுக்கு இந்த ஓட்ட வண்டிதான் முக்கியமா?"

உன் அப்பா பேப்பரை இறக்கினார். எதிர்வீட்டு டீச்சர் வாசலுக்கு வந்தார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஷீபாவின் முகத்தை நினைத்து விழுங்கினேன். "ஆமா, முக்கியம்தான், வந்து புடி" என்றேன். நீ என்னை முறைத்தபடியே வந்து, ஸ்பேனரை மாட்டி, உன் ஆத்திரம் முழுவதையும் அதில் காட்டி ஓர் இழு இழுத்தாய். கிறீச்சென்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது. ஷபீர் பாய் நெம்பின கம்பிக்கு அசையாதது உன் கோபத்துக்கு அசைந்தது, அந்தக் கோபத்துக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன். புதுசை எடுத்துக் கொடுத்து, நுனியைத் தொடாதே, முதலில் கையாலேயே திருகு என்றேன். "எல்லாம் தெரியும்" என்றாய். ஆனால் ஒயரை இணைக்க உட்கார்ந்ததும் உன் முகம் மாறியது. வேலை பிடித்துப்போனால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற பிள்ளை நீ. நிறம் பார்த்து, முறுக்கி, பற்ற வைத்து, டேப் சுற்றி, அது சூட்டில் படாதபடி தள்ளிக் கட்டினாய். சாவியைத் திருப்பினேன். ஒரு திணறல், அப்புறம் இன்ஜின் சீராக ஓடியது. நான் கோவிலுக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு முட்டி போட்டு வண்டிக்குப் பின்னால் குனிந்தேன். "இன்னாக்கா, சைலன்சருக்கு முத்தமா?" என்றார் டீச்சர். நீ தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

வாடை போன மாதிரிதான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் ஏமாந்த மூக்கை நான் எப்படி நம்புவது? டிக்கி ரப்பரையும் புதுசாகப் போட்டுக்கொண்டு மறுபடி பாகாயம். ஷீபா வண்டியைச் சுற்றி வந்தாள், பின்னால் குனிந்தாள், உள்ளே ஏறி ஜன்னலை எல்லாம் ஏற்றிக்கொண்டு என்னை வேலூர்க் கோட்டை வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வரச் சொன்னாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போயிற்று. ஹாஸ்டல் வாசலில் நிறுத்தியதும் சொன்னாள், "ஒண்ணும் இல்ல அத்தே." சொன்னதை அவளே அப்புறம்தான் கவனித்தாள், முகம் சிவந்துபோய்க் கதவைத் திறக்கத் தெரியாத மாதிரி கைப்பிடியைத் தேடினாள். அது வரைக்கும் நான் அவளுக்கு ஆன்ட்டி.

இனி அவள் அப்பா மிச்சம். துபாய்க் காரியத்தைப் பேசுவதற்காக அவர் பெண்ணைப் பார்க்க வேலூர் வந்திருந்தார். சாயங்காலம் காட்பாடியில் ரயில். ஷீபா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் வாசல் பெஞ்சிலிருந்து எழுந்து கும்பிட்டார், காரைப் பார்த்ததும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "ஐயா, இன்னும் ஒரே ஒரு தடவ எங்க ஊருக்கு வந்துட்டுப் போங்க. ரயிலுக்கு நேரத்தோட நானே கொண்டாந்து விடறேன். அதுக்கப்புறம் நீங்க வேணாம்னு சொன்னா நான் போன்கூட பண்ண மாட்டேன்" என்றேன். அவர் தயங்கினார். "ஏறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஷீபா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். முந்தின ராத்திரி முழுக்க டியூட்டி பார்த்தவள், கண் சொருகியது.

அவர் முன் சீட்டில் கர்ச்சீப்பைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஜன்னலை ஏற்றிவிட்டேன், வேண்டுமென்றேதான். வேலூர் தாண்டியது. கர்ச்சீப் கையிலேயே இருந்தது. பள்ளிகொண்டா தாண்டியது. அவர் மெதுவாக மூச்சை இழுத்துப் பார்ப்பதை ஓரக்கண்ணால் கவனித்தேன். மாதனூரில் கர்ச்சீப் மடிக்கு இறங்கியது. "வாட ஒண்ணும் இல்லையே, இன்னைக்கி லீவா?" என்று கேட்டார். லீவு என்று சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் பொய் சொல்லிப் பெண்ணெடுக்க எனக்கு மனசில்லை. ஊருக்குள் வந்ததும், வீட்டுக்குத் திருப்பாமல் டேனரிகள் இருக்கிற தெருவுக்குள்ளேயே வண்டியை விட்டேன். ஒரு டேனரி வாசலுக்கு எதிரே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நாலு ஜன்னலையும் இறக்கினேன். ஈரத் தோல் ஏற்றிய வண்டி ஒன்று எங்களை ஒட்டிப் போயிற்று. "ஐயா, இதுதான் எங்க ஊரு வாசனை. இத நான் மறைக்கல. அன்னிக்கி நீங்க பட்டது இது இல்ல" என்றேன்.

அவர் நன்றாக மூச்சை இழுத்தார். முகம் கொஞ்சம் சுளித்தது, அப்புறம் நேரானது. "இது தோலுல்லா. எங்க வீட்டுக்குப் பின்னால கருவாடு காயப் போடுத வாசனைக்கி இது எவ்வளவோ மேலு. அப்போ அன்னைக்கி அடிச்சது என்ன?" நான் டேஷ்போர்டைத் திறந்து, நீ கழற்றிப் போட்ட கரி பிடித்த பழைய சென்சாரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "சரி, ஊரு மேல பழி இல்ல. ஆனா பிள்ளைக்க மூச்சு..." என்று சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பினார்.

ஷீபா தூங்கிக்கொண்டிருந்தாள். வேலூர் தாண்டும்போதே தூங்கியிருக்கிறாள், நாங்கள் பேசியது எதுவும் அவளுக்குத் தெரியாது. திறந்த ஜன்னல் ஓரமாகச் சீட்டில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, டேனரித் தெருக் காற்றில் அசந்து தூங்கினாள். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. இழுப்பு இல்லை, இருமல் இல்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு நடந்த ராத்திரிகளில் அந்த மூச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், அவருக்குத் தெரியாதா. எனக்கோ எதிரே ஒரு லாரி ஹார்ன் அடித்துவிடுமோ என்று உயிர் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "எழுப்பாண்டாம். பிள்ளை உறங்கட்டு. உங்க வீட்டுக்கு விடுங்க, ஒரு சாயா குடிச்சிட்டுப் போறேன்" என்றார். உன் கல்யாணம் நிச்சயமானது அங்கேதான் சாமு. அன்று நீ ஓவர்டைமில் இருந்தாய்.

உனக்குப் புத்திமதி சொல்லத்தான் உட்கார்ந்தேன், கதையிலேயே பக்கம் தீர்ந்துவிட்டது. சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரே வீட்டில் பல வருஷம் இருந்தால் எல்லோருக்கும் மூக்கு தூங்கிவிடும். எனக்குத் தூங்கியது, உன் அப்பாவுக்கு எப்போதோ தூங்கிவிட்டது, உனக்கும் தூங்கிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவள் ஒன்று சொன்னால் நமக்கு முதலில் கோபம்தான் வரும். கோபப்படு, பரவாயில்லை, நானும் பட்டேன். ஆனால் அவள் பேச்சுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து முகர்ந்து பார். நானும் வயசாகிக்கொண்டுதான் வருகிறேன். எனக்கும் விளக்கு எரியாமலேயே ஏதாவது கெட்டுப்போகலாம், ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போடலாம், சொன்னதையே சொல்லலாம். அப்போது உனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவளைச் சொல்லச் சொல். அவள் சொன்னால் நான் கேட்பேன். அவளிடமும் சொல்லிவிட்டேன்.

இனி சாவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அம்மா வேலூரில் யாரைப் பார்க்கப் போகிறாள் என்று நீ பல தடவை கேட்டாய், நான் ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொன்னேன். ஷீபாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தேன். லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கியர் மாற்றுவதில் உன்னைவிடப் பதமான கை. ஏலகிரி அடிவாரம் வரைக்கும் அவள்தான் ஓட்டப் போகிறாள், வளைவுகளில் வேண்டுமானால் நீ வாங்கிக்கொள், அதுவும் அவள் கொடுத்தால். பழைய சென்சார் டேஷ்போர்டில் துணியில் சுற்றி இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதே. நீ கடைசிப் பக்கத்துக்கு வருகிற நேரத்தைக் கணக்குப் போட்டு ஹார்ன் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறதா? என் மருமகளைக் காக்க வைக்காதே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடு.

அம்மா